முதலில் சிகிச்சை, பிறகு வழக்கு: காயமடைந்தவரிடம் காவல் துறைக்கு உள்ள சட்டக் கடமை என்ன?

திருவனந்தபுரம்: சாலை விபத்தில் சிக்கியவர், தடியடியில் அடிபட்டவர், கைது செய்யப்பட்டவர் என எவராக இருந்தாலும், காயமடைந்தவருக்கு உடனடி மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது காவல் துறையினரின் சட்டபூர்வக் கடமையாகும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதை உறுதிப்படுத்தியுள்ளன.

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையோரத் தேயிலைத் தோட்டப் பகுதியான போனக்காட்டில், 2018 ஜனவரி 5 அன்று குரிசுமலைக்குச் செல்ல முயன்ற கத்தோலிக்கர்களை அதிகாரிகள் தடுத்தனர். வனப்பகுதிக்குள் நுழைவது தொடர்பான இந்தப் பிரச்சினையில் போலீஸார் தடியடி நடத்தினர், பலர் காயமடைந்தனர். அந்தத் தடியடி நியாயமானதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காண விசாரணையும் நீதிமன்றமும் உள்ளன. ஆனால், காயமடைந்தவரின் சிகிச்சை அந்த விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே சட்டத்தின் நிலைப்பாடு.

அடிப்படைத் தீர்ப்பு எது?

பரமானந்த் கடாரா வழக்கில் 1989 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இவ்விஷயத்தில் அடித்தளமாகக் கருதப்படுகிறது. கார் மோதிப் படுகாயமடைந்த ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை வழிப்போக்கர் ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். சட்டம் சார்ந்த வழக்குகளைக் கையாள அனுமதி பெற்ற, சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்குச் செல்லுமாறு அங்கு கூறப்பட்டது. செல்லும் வழியிலேயே அவர் உயிரிழந்தார்.

இதுகுறித்த செய்தியின் அடிப்படையில் தொடரப்பட்ட வழக்கில், உயிரைக் காப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவின் கீழ் அரசின் கடமை என்று நீதிமன்றம் கூறியது. காயமடைந்தவர் குற்றம் செய்தவரா, பாதிக்கப்பட்டவரா என்று பார்க்காமல் சிகிச்சை அளிக்க வேண்டும். காவல் துறையின் நடைமுறைகள் அதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது.

சோலி சொராப்ஜி தலைமையிலான குழு 2006-ல் தயாரித்த மாதிரி காவல் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. குற்றத்தாலோ சாலை விபத்தாலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு, சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டாமல், விரைவாக மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதைக் காவல் துறையின் சமூகப் பொறுப்பாக அது வகுத்துள்ளது.

காவலில் உள்ளவருக்கு என்ன பாதுகாப்பு?

கைது செய்யப்பட்டவரால் தானாக மருத்துவரைத் தேடிச் செல்ல இயலாது. எனவே இங்கு காவல் துறையின் பொறுப்பு மேலும் கூடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவின்படி, கைதானவரை விரைவில் மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும். உடலில் உள்ள காயங்களையும், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் பதிவு செய்து, அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ அவர் குறிப்பிடும் நபரிடமோ வழங்க வேண்டும். கைதானவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நியாயமான முறையில் கவனிப்பது அவரைக் காவலில் வைத்திருப்பவரின் கடமை என்று 56-வது பிரிவு கூறுகிறது.

காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழிகாட்டுதல்களை மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையுடன் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் எடுக்கலாம்.

ஏட்டிலுள்ள விதிக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரத்தைத் தமிழகம் 2020 ஜூனில் கண்டது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட வணிகர்களான தந்தையும் மகனும், சிறைக்கு அனுப்பத் தகுதியான உடல்நிலையில் இருப்பதாக மருத்துவச் சான்று பெறப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். சில நாட்களிலேயே இருவரும் அடுத்தடுத்து உயிரிழந்தனர்.

போலீஸாரே காயப்படுத்தியிருந்தால்?

அப்போதும் கடமை மாறாது. என்கவுன்ட்டர் மரணங்கள் குறித்து 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களின்படி, சுடப்பட்டுக் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி அளிக்க வேண்டும். அவரது வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டோ மருத்துவ அலுவலரோ பதிவு செய்ய வேண்டும். பலப்பிரயோகம் குறித்த ஐ.நா.வின் 1990-ம் ஆண்டு அடிப்படைக் கோட்பாடுகளும், காயமடைந்தவர்களுக்கு இயன்ற அளவு விரைவாக மருத்துவ உதவி கிடைப்பதை உறுதி செய்யுமாறு கூறுகின்றன.

உதவாமல் நிற்பதும் குற்றமாகலாம் என்பதை அமெரிக்காவின் ஜார்ஜ் ஃப்ளாய்ட் வழக்கு காட்டியது. மினியாபொலிஸ் நகரில் 2020 மே மாதம் அவர் உயிரிழந்த சம்பவத்தில், மருத்துவ உதவி அளிக்கத் தவறி அவரது உரிமையைப் பறித்ததாக, அங்கிருந்த மேலும் 3 காவலர்களைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் குற்றவாளிகள் என அறிவித்தது.

மருத்துவமனையின் பொறுப்பு

காயமடைந்தவரை வாகனத்தில் ஏற்றுவதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 2017 ஆகஸ்டில் கொல்லம் அருகே விபத்தில் சிக்கிய தமிழகத் தொழிலாளி ஒருவர், வென்டிலேட்டர் வசதி இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களால் பல மருத்துவமனைகளில் சேர்க்கப்படாமல், பல மணி நேர அலைக்கழிப்புக்குப் பின் ஆம்புலன்ஸிலேயே உயிரிழந்தார். இதற்காகக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

பொதுமக்கள் அறிய வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டம், படுகாயம் ஏற்பட்ட பின் வரும் முதல் 1 மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என வரையறுக்கிறது. விபத்தில் சிக்கியவரை நல்லெண்ணத்துடன் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு, அச்சட்டத்தின் 134ஏ பிரிவு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. தமது பெயரையோ முகவரியையோ தெரிவிக்குமாறு அவரைப் போலீஸார் கட்டாயப்படுத்த முடியாது.

கைதானவர் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும்போது, தமக்கு ஏற்பட்ட காயங்களையும் சிகிச்சை மறுக்கப்பட்டதையும் அவரிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம். மருத்துவ அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு.

திருவனந்தபுரம் நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள போனக்காடு போன்ற மலைப்பகுதிகளில், பெரிய மருத்துவமனையைச் சென்றடையவே பொன்னான நேரம் போதாமல் போகலாம். அத்தகைய இடங்களில் ரத்தக்கசிவை நிறுத்துவதும், 108 அல்லது 112 எண்ணை அழைப்பதும், ஆம்புலன்ஸ் தாமதமானால் காவல் வாகனத்திலேயே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் முதல் வேலை. எந்தக் காவல் நிலைய எல்லை, யார் மீது வழக்கு என்பவை அதற்கு அடுத்தே வரும்.