பொய் வாக்குறுதியும் சோதனையும்: இராயபுரத்துப் பேதுரு முதல் மாத வட்டித் திட்டங்கள் வரை

பொய் வாக்குறுதி என்பது நிறைவேற்றும் எண்ணமோ ஆற்றலோ இல்லாமல் ஒருவர் கொடுக்கும் சொல் ஆகும். கிறித்தவ அறநெறி இதைப் பொய்யின் ஒரு வகையாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை; சோதனை என்னும் கருத்தோடு இணைத்தே பேசுகிறது. வாக்குக் கொடுப்பவர் ஒரு சோதனையில் நிற்கிறார். அதை நம்புகிறவர் வேறொரு சோதனையில் நிற்கிறார். இருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியவை உண்டு என்பதே விவிலியத்தின் அணுகுமுறை.

இந்தப் பொருளை விளக்க வடசென்னை பொருத்தமான இடம். அங்கே ஓர் ஊரின் பெயரே வாக்குத் தவறிய ஒருவருடையது. அதற்குச் சில கிலோமீட்டர் வடக்கே, வேறொரு சமய மரபில், வாக்குத் தவறிய இன்னொருவரின் நினைவு ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இராயபுரமும் இராயப்பரும்

இராயபுரம் என்ற பெயர் அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்திலிருந்து வந்தது. இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைத்தனர். தெலுங்கில் கல்லைக் குறிக்கும் 'ராயி' என்ற சொல்லே இதற்கு அடிப்படை என்பர். பேதுரு என்ற கிரேக்கப் பெயருக்கும், கேபா என்ற அரமேயப் பெயருக்கும் பாறை என்பதுதான் பொருள்.

ஆலயத்தைக் கட்டியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படகோட்டிய குருகுல வம்சத்துக் கிறித்தவர்கள், ஆண்டு 1829. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அவற்றில் பிழைத்தவர்கள் தங்கள் பாதுகாவலராக ஒரு மீனவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த மீனவரைப் பற்றி நான்கு நற்செய்திகளும் தவறாமல் பதிவு செய்திருக்கும் நிகழ்ச்சி பெருமைக்குரியது அல்ல.

பேதுரு கொடுத்த வாக்கு

இயேசு கைது செய்யப்படுவதற்கு முந்திய இரவு உணவின்போது, மற்ற எல்லாரும் விட்டு ஓடினாலும் தான் ஓடுவதில்லை என்று பேதுரு சொன்னார். சிறைக்கும் சாவுக்கும் கூட உடன்வரத் தயார் என்றார். சேவல் கூவும் முன்பே மூன்று முறை மறுதலிப்பாய் என்று இயேசு சொன்னதை அவர் ஏற்கவில்லை. சில மணி நேரம் கழித்துத் தலைமைக் குருவின் முற்றத்தில், கரி நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பணிப்பெண் கேட்ட கேள்விக்கே அவர் மறுத்துவிட்டார். கலிலேயப் பேச்சு வழக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. மத்தேயு நற்செய்தியின்படி, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவர் மறுத்தது வெறும் வாய்ச்சொல்லால் அன்று, ஆணையிட்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உணவு மேசையில் பேதுரு பொய் சொல்லவில்லை. சொன்னபோது அதை முழு மனதோடுதான் சொன்னார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. இருந்தும் அந்த வாக்கு விடியும் வரை கூடத் தாங்கவில்லை. தன் வலிமையை மிகையாக எண்ணியதும், பிறரைவிடத் தான் மேல் என்று ஒப்பிட்டதும்தான் அதில் இருந்த குறை. பொய் வாக்குறுதி மோசக்காரர்களிடமிருந்து மட்டுமே வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. கடனை அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் என்று சொல்லும் பெரும்பாலானோர் பேதுருவைப் போன்றவர்களே.

மகிழ மரத்தடிச் சத்தியம்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் கதை வேறு வகையானது. சேக்கிழாரின் பெரியபுராணம் அதைச் சொல்கிறது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூரில் பூத்தொடுக்கும் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். ஏற்கெனவே மணமானவர் ஆயிற்றே என்ற தயக்கம் சங்கிலியாருக்கு. உன்னைப் பிரியேன் என்று இறைவன் முன்னிலையில் சத்தியம் செய்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. சுந்தரரோ சிவனிடம் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: நான் சத்தியம் செய்ய வரும்போது நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும். அதாவது கருவறையில் சத்தியம் செய்தாலும் அங்கே சாட்சி இருக்கக்கூடாது. சிவன் அதற்கு இசைந்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்கிறார். வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்த சுந்தரர், வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைவு மீறி ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரு கண்களும் பார்வை இழக்கின்றன. பின்னர் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பார்வை பெறுகின்றன. மாசி மாதத்தில் நடக்கும் மகிழடி சேவை இந்தச் சத்தியத்தின் நினைவே.

இது சைவ மரபின் கதை. பக்தியின் நோக்கில் அதற்கு ஆழமான விளக்கங்கள் உண்டு. ஆனால் சத்தியத்தில் ஓட்டை வைக்கும் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டால், இயேசு கண்டித்ததும் அதையேதான். அவர் காலத்தில் சிலர் ஆணைகளைத் தரம் பிரித்து வைத்திருந்தனர். கோயிலின் மீது ஆணையிட்டால் அது கட்டுப்படுத்தாது, கோயிலின் பொன் மீது ஆணையிட்டால் கட்டுப்படுத்தும் என்பது அவர்களின் கணக்கு. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு இதைக் கடுமையாகச் சாடுகிறார். அதற்கு முன் மலைப்பொழிவில், ஆணையே இட வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என்று கற்பிக்கிறார். யாக்கோபின் திருமுகமும் இதைத் திரும்பச் சொல்கிறது. எந்தச் சொல்லுக்குச் சாட்சி இருக்கிறது, எதற்கு இல்லை என்று கணக்குப் பார்ப்பவன் ஏற்கெனவே தப்பிக்கும் வழியைத் தேடத் தொடங்கிவிட்டான் என்பதே இதன் கருத்து. நன்கொடை ரசீதிலும் குத்தகைப் பத்திரத்திலும் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் நிபந்தனைகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

தூண்டிலும் இரையும்

நம்புகிறவரின் பக்கம் வருவோம். சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க, யாக்கோபின் திருமுகம் கடற்கரை மக்களுக்குப் பழக்கமான உவமையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொருவரும் தம் சொந்த ஆசையால் ஈர்க்கப்படுகின்றனர் என்று அது சொல்லும் இடத்தில், மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் இரை வைத்துப் பிடிப்பதைக் குறிக்கும். தூண்டில்காரன் மீனுக்குப் பசியை உண்டாக்குவதில்லை. இருக்கும் பசியை அறிந்து இரையைத் தேர்ந்தெடுக்கிறான்.

பாலைவனத்தில் இயேசுவுக்கு ஏற்பட்ட சோதனைகளும் இவ்வாறே அமைந்தவை. நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் காட்டப்படுவது அப்பம். கடைசியாக, மத்தேயுவின் வரிசைப்படி, உலகின் அரசுகள் எல்லாம் காட்டப்பட்டு, ஒரு முறை வணங்கினால் போதும் என்று சொல்லப்படுகிறது. தன்னுடையது அல்லாததைத் தருவதாகச் சொல்லும் பேரம் அது. பெரிய பலன், சிறிய விலை, உடனே முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி. இந்த மூன்றும் சேர்ந்து வரும் எந்தப் பேச்சையும் அடையாளம் கண்டுகொள்ள அந்தப் பகுதியே போதுமானது.

வடசென்னையில் பசி எப்போது வரும் என்பது ஊருக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் அந்த நாள்களில்தான் பள்ளிக் கட்டணமும் வரும். எண்ணூர் வரை நீளும் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவர்களுக்கு நிரந்தர வேலை என்ற சொல்லே ஓர் இரை. துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், முன்பணம் கட்டினால் பெயரைச் சேர்த்துவிடலாம் என்பது பழைய தந்திரம். இன்றும் அதில் சிக்குவோர் உண்டு.

புதிய வடிவம் மாத வட்டித் திட்டங்கள். 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு தமிழகத்தில் இவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது. மாதம் 30 சதவீதம் என்றால் என்ன என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கலாம். வட்டியை எடுக்காமல் அதிலேயே போட்டால் ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் 23 லட்சத்தைத் தாண்டிவிடும். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் வைப்புத்தொகைக்கு ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. எந்த நேர்மையான தொழிலும் அந்த வேகத்தில் ஈட்டுவதில்லை. இத்தகைய திட்டங்கள் பொதுவாகப் பின்னால் வருபவரின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தே ஓடுகின்றன. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி செய்ததும் இதுவே. அவர் 45 நாளில் 50 சதவீதம் என்றார்.

இவற்றைப் பரப்புவது விளம்பரத்தைவிடப் பழக்கமே. அக்காள் கணவர், சங்கத்து நண்பர், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் அமர்ந்து வழிபடுபவர் என்று அறிந்தவர்கள்தாம் ஆள் சேர்க்கிறார்கள். "நானே போட்டிருக்கேன், மூணு மாசமா சரியா வருது" என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. மூன்று மாதம் அவருக்குப் பணம் வந்திருக்கும். சேர்த்துவிட்டதற்குக் கிடைக்கும் தரகை மட்டும் அவர் சொல்லமாட்டார். சொன்னதெல்லாம் மெய், முழுமையோ பொய்.

பாதியை மறைத்தவரும் நாலு மடங்கு கொடுத்தவரும்

பாதி உண்மை பற்றித் திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு கடுமையான நிகழ்ச்சி உண்டு. அனனியாவும் அவர் மனைவி சப்பிராவும் நிலத்தை விற்று, ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, மீதியை முழுத்தொகை என்பதுபோல் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுக்கும்படி அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. நிலமும் உன்னுடையது, விற்ற பணமும் உன்னுடையதுதானே என்றே அவர்களிடம் கேட்கப்படுகிறது. குறைத்துக் கொடுத்தது குற்றமன்று. முழுவதும் என்று காட்டிக்கொண்டதே குற்றம். இருவரும் அங்கேயே விழுந்து இறப்பதாகக் கதை முடிகிறது. இன்றைய வாசகருக்கு அது நெருடலாகவே இருக்கும். கேள்வி கேட்டவர் யார் என்பதையும் மறக்கக்கூடாது: முற்றத்தில் ஆணையிட்டுப் பொய் சொன்ன அதே பேதுரு.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் எரிகோவின் தலைமை வரிதண்டுநர் சக்கேயு. இயேசு வீட்டுக்கு வந்ததும், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். மோசம் செய்தவர் தாமே ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். நான்கு மடங்கு என்பது ஆடு திருடி விற்றவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. சக்கேயு தம்மைத் திருடன் கணக்கில் வைத்து எண்ணிக்கொண்டார். வருந்துகிறேன் என்ற சொல் அவர் பேச்சில் எங்கும் இல்லை, தொகைதான் இருக்கிறது.

ஆள் சேர்த்துவிட்டுத் தானும் பணத்தை இழந்தவரின் நிலை இங்கே கடினமான கேள்வி. அவர் ஏமாற்றியவரா, ஏமாந்தவரா? இரண்டும்தான். கிறித்தவ அறநெறி அவரிடம் கேட்பது தெளிவானது: வாங்கிய தரகு எவ்வளவு என்று உறவினரிடம் மறைக்காமல் சொல்வது, அதைத் திருப்பிக் கொடுப்பது, தெரிந்ததை விசாரணையில் உள்ளபடி கூறுவது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்றுப் பணத்தைப் பங்கிட வழி செய்கிறது. 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களையே தடை செய்கிறது. ஆனால் தெருவுக்குள் கைமாறிய தரகு எந்த ஆவணத்திலும் இல்லாமல் போகலாம். அதை அறிந்தவர் வாங்கியவர் மட்டுமே.

பேதுருவின் கதை முற்றத்தோடு முடியவில்லை. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல், விடியலில் 153 மீன்களோடு அவர் கரை சேர்கிறார். கரையில் மீண்டும் ஒரு கரி நெருப்பு. என்னை நேசிக்கிறாயா என்று இயேசு மூன்று முறை கேட்கிறார். முதல் கேள்வியில், இவர்களைவிட மிகுதியாகவா என்ற பழைய ஒப்பீடும் இருக்கிறது. பேதுரு அந்த ஒப்பீட்டைத் தொடவே இல்லை. சாவு வரை வருவேன் என்றும் சொல்லவில்லை. நேசிக்கிறேன் என்பது உமக்கே தெரியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மூன்றாம் முறை கேட்கப்பட்டபோது வருத்தத்தோடு. அவர் பின்னாளில் உரோமையில் கொல்லப்பட்டார் என்பது தொன்மையான கிறித்தவ மரபு.