தோலுக்குள் எழும்பும் மேடு

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிகள் பயமுறுத்தியது பொய்யல்ல. டேவிட் செம்பிள் 1911-இல் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில்தான் போட்டார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அதைத் தயாரித்தது. வீரியம் குறைந்த மருந்து என்பதால் நாள் தவறாமல், மில்லிலிட்டர் கணக்கில் ஏற்ற வேண்டியிருந்தது.

இன்று அரசு மருத்துவமனையில் நர்ஸ் எடுப்பது இன்சுலின் போடும் மெல்லிய ஊசி. ஒவ்வொரு தோளிலும் 0.1 மி.லி. மட்டுமே. ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துத் தோலுக்குள் நுழைக்கிறார். மருந்து இறங்க இறங்க அந்த இடம் வெளிறி, ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகச் சிறு மேடு எழும்புகிறது.

முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இப்படிப் போட்டால் மொத்தம் 0.8 மி.லி.தான் செலவு. தசையில் போடுவதென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் குப்பி. அப்படி ஐந்து முறை.

இத்தனை குறைந்த மருந்து எப்படிப் போதும்? தசையில் காவல் அணுக்கள் குறைவு. வெளியுலகோடு ஓயாமல் உரசும் தோலில் அவை நெருக்கமாகக் குடியிருக்கின்றன. செயலிழக்கச் செய்த வைரஸை அவை விழுங்கி, அதன் துணுக்குகளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போகின்றன. அங்கேதான் எதிரணுப் புரத உற்பத்தி தொடங்குகிறது. ரத்த நீரில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்பது போதுமான அளவு. எந்த வழியில் போட்டாலும், சுமார் இரண்டு வாரத்தில் உடல் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அதுவரை தாக்குப்பிடிக்கத்தான், ஆழமான கடிக்குத் தயார்நிலை எதிரணுப் புரதத்தைக் காயத்திலேயே செலுத்துகிறார்கள்.

தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் செம்மைப்படுத்திய இந்தச் சிக்கன வழிக்கு இந்தியா 2006-இல் அனுமதி அளித்தது. 2016 முதல் குழந்தைகளுக்கான போலியோ ஊசியும் 0.5 மி.லி.க்குப் பதில் 0.1 மி.லி.யாகத் தோலுக்குள் போகிறது.

ஆனால் அளவைக் குறைத்தால் கை தவறக்கூடாது. ஊசி சற்று ஆழமாகி அடிக்கொழுப்பில் இறங்கினால் அந்தத் துளி மருந்து வீண். பிட்டத்தில் நாய்க்கடி ஊசி போடாததற்கும் கொழுப்பே காரணம். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைப் பிட்டத்தில் போட்டவர்களுக்கு எதிரணுப் புரதம் குறைவாகவே சுரந்ததை 1980-களில் அமெரிக்காவில் கண்டார்கள்.

அதனால்தான் ஊசியை உருவியதும் நர்ஸ் தோளையே உற்றுப் பார்க்கிறார். மேடு எழும்பவில்லையென்றால், பக்கத்தில் இன்னொரு குத்து.