தனி நடனத்துக்கு இசை தேர்தல்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் எங்கள் ஓப்பநாயக்கப் பகுதிப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் ஒரு வினா எழும். “தனி நடனத்துக்கு எந்தப் பாட்டு, சேர்?” நான் நடனம் கற்றவன் அல்லன், அதிபர் என்ற முறையில் பல ஒத்திகைகளைப் பார்த்தவன். அந்த அளவிலேயே பேசுகிறேன்.

குழு நடனத்தில் ஒருத்தி தாளம் தப்பினால் மற்றையோர் மறைத்துவிடுவர். தனி நடனத்தில் மறைப்பாரில்லை. ஆகவே, எல்லோர் வாயிலும் உலவும் பாட்டு என்பதற்காக ஒன்றைத் தேர்வது தவறு. ஆடுபவள் பொருளை நிரப்புவதற்குப் பாட்டிலே இடம் இருக்கவேண்டும். யமுனாகல்யாணி இராகத்திலமைந்த ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் கன்னடப் பதத்தைத் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார் (1918-1984) ஆடிப் புகழ்பெற்றார். குழந்தைக் கண்ணனை ‘விரைந்து வா’ என்றழைப்பதே அதன் பல்லவி. அந்த ஓர் அழைப்பைக் கெஞ்சலாகவும், பொய்க் கோபமாகவும், பெருமிதமாகவும் மாற்றி மாற்றிக் காட்ட அதன் நிதானமான நடை இடந்தந்தது. தாயார் ஜயம்மாள் அவருக்குப் பாடியதுண்டு. அம்மையார் தாமே பாடியபடி அபிநயிப்பதும் உண்டு. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்னும் படத்தில் இதனைக் காணலாம்.

சில நிமிடப் போட்டிக்கு வர்ணத்தை வெட்டி ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. அரைமணி நேரத்துக்கு மேலும் விரியத்தக்க உருப்படி அது. தலையும் வாலும் போனபின் எஞ்சுவது என்ன? சிறுமிக்கு ஒரு சிறு கீர்த்தனையோ அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தோ போதும். சொற்களின் பொருளை அவள் தன் வாயால் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

இனி ஒத்திகை. முதலில் பாட்டே வேண்டாம். தட்டுக்கழியின் ஒலிக்கு அடவுகளை மூன்று காலங்களிலும் ஆடட்டும். பின்னர் ஆசிரியை பாட, அவள் ஆடட்டும். இயந்திரத்தில் பதிந்த இசை இறுதி வாரங்களுக்கே உரியது. ஏனெனில் பாடுபவர் பிள்ளைக்காகச் சற்றுத் தாமதிப்பார், இயந்திரம் தாமதியாது. சலங்கையும் ஆடையும் அணிந்து இரண்டு மூன்று முறையேனும் ஆடவேண்டும். மேடையின் அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்வதும் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மாணவி ஒருத்திக்கு விரைவான ஜதிகள் நிறைந்த ஒரு பதிவைத் தேர்ந்திருந்தோம். ஒரு மாதமாகியும் கால் பிடிபடவில்லை. “இவளுக்குத் தாளமே இல்லை” என்று நானும் சொல்லிவிட்டேன். மாசி மாதத்தில் ஓரிரவு தோட்டத்திலே காமன் கூத்துப் பார்க்கச் சென்றேன். அவளுடைய தாத்தா தப்பு அடித்துக்கொண்டிருந்தார். அருகே நின்ற அவளுடைய பாதம் ஓரடியும் பிசகாமல் அதற்கு இசைந்து நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் கூறியதை நினைத்து வெட்கினேன். குறை பிள்ளையிடம் இல்லை, எங்கள் தேர்விலே இருந்தது.

மறுநாளே நடன ஆசிரியை பாட்டை மாற்றினார். காவடிச்சிந்து ஒன்றை எடுத்து, முதற் பத்து நாள் தாமே பாடிப் பழக்கினார். மாணவிக்கு அவ்வாண்டு இரண்டாம் இடம் கிடைத்தது. தாத்தாவுக்கோ முழுத் திருப்தியில்லை. “புள்ள சரியாத்தான் ஆடுச்சு, சேர். மிருதங்கந்தான் கொஞ்சம் அவசரப்பட்டிருச்சு” என்றார்.