விருப்பம் முந்தியதா, கைத்திறன் முந்தியதா?

‘உனக்குப் பிடித்த தொழில் எதுவெனக் கண்டுகொள், மற்றவை தாமே அமையும்’ என்னும் அறிவுரை இன்று கல்வி முடித்து வெளியேறும் ஒவ்வோர் இளைஞருக்கும் வழங்கப்படுகிறது. கேட்பதற்கு இனிய இவ்வறிவுரையினுள் ஒரு முற்கோள் மறைந்து நிற்கிறது. ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓர் ஆர்வம் முழு உருவத்தோடு முன்னரே உறைந்திருக்கிறது. அதைத் தேடி எடுப்பது மட்டுமே நம் வேலை என்பதே அது. தேடியும் கிடைக்காதவர் தம்மையே குறையுடையவராக எண்ணிச் சோர்கின்றனர். கிடைத்ததாக நம்பியவரோ முதல் இடர்ப்பாட்டிலேயே ‘இது என் துறையன்று’ என விலகுகின்றனர். இம்முற்கோள் எவ்வளவு தூரம் மெய்யானது என்பதைத் தாமிரபரணிக் கரையின் தொழில் வாழ்வை முன்வைத்து ஆராய்வோம்.

அம்பாசமுத்திரத்துக்கு எதிரே, ஆற்றின் தென்கரையில் அமைந்தது கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாயின் நீரால் செழித்த இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்கு எடுத்துச் சென்றது அப்பளம். உளுந்து மாவின் பதமும் வெயிலின் அளவும் கைக்குத் தெரிந்தால்தான் அப்பளம் தேறும். ஆனால், அப்பளம் இடும் பெண்மணியிடம் ‘இதுதான் உங்கள் வாழ்வின் நோக்கமா?’ என்று எவரும் வினவுவதில்லை. நோக்கம், ஆர்வம் போன்ற சொற்களைப் படித்தோரின் பணிகளுக்கே உரியனவாக நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். கைத்தொழில் புரிவோரிடமும் அவை உண்டா, உண்டெனில் எவ்வாறு பிறக்கின்றன என்று அறிய, இங்கிருந்து கிழக்கே வீரவநல்லூரையும் சேரன்மகாதேவியையும் கடந்து பத்தமடைக்குச் செல்ல வேண்டும்.

பத்தமடைப் பாய் நெசவு பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில். அவர்களுள்ளும் பெண்களின் உழைப்பே மிகுதி. ஆற்றோரத்துக் கோரையைக் கீறி, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாக்கிப் பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவோட்டி நெய்கின்றனர். நுண்மையை ‘கவுண்ட்’ என்னும் கணக்கால் அளப்பர். அது நூறைத் தாண்டும்போது பாய், துணியைப் போல் மடியும். அத்தகைய ஒரு பாயை முடிக்கப் பல வாரங்கள் தேவைப்படும். இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ள இக்கலை, 1953இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவுக்கு அன்பளிப்பாகச் சென்றதென்றும் சொல்லப்படுகிறது.

இந்நுண்மைக்கு வழி திறந்தவராக ஊர்வழக்கு நினைவுகூர்வது ஹஸன் பாவா லெப்பை என்பவரை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், ஓடும் நீரில் ஊறிய கோரையை வழக்கத்தினும் மெல்லிதாகப் பிளக்கலாம் என்பதை அவர் கண்டறிந்தார் என்பர். இவ்வழக்கு நமக்கு உணர்த்துவது யாது? கோரையும் பாயும் அவருக்கு முன்னரும் இருந்தன. கையிலிருந்த பொருளைக் கூர்ந்து நோக்கியதால் அப்பொருளே ஒரு புதிய வாயிலைத் திறந்தது. உற்றுநோக்கலும் கைப்பழக்கமும் முன்னே செல்ல, ஆர்வம் அவற்றைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

இதனைக் கோட்பாடாக விளக்கியவர் இப்னு கல்தூன் (1332–1406). தம் ‘முகத்திமா’வில் அவர் கைத்தொழிலை ‘மலகா’ என்னும் சொல்லால் வரையறுக்கிறார். ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் வேரூன்றி, இயல்பாகவே ஆகிவிடும் திறனே மலகா. அது செவிவழி கேட்டு வருவதன்று. கண்டு, செய்து, திருந்தி வருவது.

அண்மைக்கால உளவியலும் இதனோடு இயைகிறது. பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் பிறவியிலேயே நிலைத்தது என நம்புவோரையும், அது வளர்க்கப்படுவது என நம்புவோரையும் ஒப்பிட்டனர். கருந்துளைகள் பற்றிய எளிய காட்சிப்படம் இரு சாராரையும் ஈர்த்தது. அதே பொருள் பற்றிய கடினமான கட்டுரை தரப்பட்டபோது, முதல் சாராரின் ஆர்வமே பெரிதும் வீழ்ந்தது. மெய்யான ஆர்வத்துக்கு இடர் இராது என்னும் நம்பிக்கையே ஆர்வத்துக்குப் பகையாகிறது.

எனினும், திறன் மட்டுமே நோக்கமாகிவிடாது. திறனின் உச்சியில் நின்றவரும் வெறுமையை உணர்ந்ததுண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தம் காலத்தின் தலைசிறந்த ஆசிரியராக விளங்கியவர். 1095இல் அவர் தம் போதனைப் பணியின் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார். அதில் புகழும் பதவியுமே தம்மை இயக்குவதாகக் கண்டார். நாவே எழாத நிலை வந்தது. பதவியைத் துறந்து வெளியேறினார். ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1106இல், நைஷாபூரில் மீண்டும் ஆசிரியரானார். வெளித்தோற்றத்தில் பழைய பணிக்கே திரும்பினாலும், அதன் நிய்யத் முற்றிலும் மாறிவிட்டதென அவரே தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஆக, நோக்கத்தைத் தேடுவோர் பணியை மாற்றுமுன், அப்பணியை எதற்காகச் செய்கிறோம் என்று வினவுவது தகும்.

அவ்வினாவுக்கு ஒரு விடையையும் இமாமே தருகிறார். ‘இஹ்யா’வின் கல்வி பற்றிய நூலில், சமுதாயத்துக்கு இன்றியமையாத தொழில்களை ஃபர்ளு கிஃபாயாவாக, அதாவது சிலரேனும் நிறைவேற்ற வேண்டிய கூட்டுக் கடமையாக, அவர் எண்ணுகிறார். உழவோடு நெசவும் அப்பட்டியலில் உண்டு. பத்தமடையில் மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கத்தை இங்கே நினைக்கலாம். தாம் நெய்வது யாருடைய வாழ்வில் விரியப் போகிறது என்பது நெய்பவருக்குத் தெரிகிறது. ஏமி ரெஸ்நெஸ்கி முதலியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை அலுவலகப் பணியில் இருந்தோரே ஏறத்தாழச் சம அளவில் மூன்றாகப் பிரிந்தனர். ஒரு பகுதியினர் அதைக் கூலிக்கான வேலையாகவும், மற்றொரு பகுதியினர் உயர்வுக்கான படியாகவும், எஞ்சியோர் தம் அழைப்பாகவும் கண்டனர். பணி ஒன்றே, அதனோடு கொண்ட உறவே வேறு.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘நோக்கத்தோடு உழைக்கிறார்கள்’ என்று புகழ்ந்துவிட்டு, உழைப்பவரின் கூலியை மறந்துவிடுவது எளிது. பல வாரங்கள் குனிந்தமர்ந்து நெய்த பாய்க்கு, அவ்வாரங்களின் உணவுச் செலவுக்கேனும் ஈடான விலை கிடைக்க வேண்டுமல்லவா? தேவை உள்ள இடத்திலேயே தொழில்கள் செழிக்கும் என்றும், உழைப்பை ஈடின்றிப் பறிப்பது பெரும் அநீதிகளுள் ஒன்று என்றும் இப்னு கல்தூன் எழுதினார். பிளாஸ்டிக் பாய்களின் மலிவான விலைக்கு முன் நுண்பாய் நெய்வோர் அருகி வருகின்றனர். நெசவுக் குடும்பத்துப் பெண் படித்து வேறு பணி தேடினால் அது மரபுக்குச் செய்யும் துரோகமாகாது. அவளைத் தறியில் நிறுத்த விரும்புவோர் முதலில் நியாயமான விலை கொடுத்துப் பாயை வாங்குவோராக இருக்க வேண்டும். நோக்கம் கூலிக்கு மாற்றீடாகாது. கூலி கிடைத்துவிட்டதனாலேயே நோக்கமும் கிடைத்ததாகிவிடாது.

அவ்வாறாயின், தொழிலின் வாயிலில் நிற்கும் இளைஞருக்கு நாம் கூறத்தக்கது யாது? ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்பதோடு வேறு சில வினாக்களையும் சேர்த்துக் கேட்பதே. கற்றலின் தொடக்கக் கடினத்தைத் தாண்டும்வரை இதில் நின்றிருக்கிறாயா? இதன் பயனை நுகர்வோர் யாரென அறிவாயா? இதில் உன் நிய்யத் யாது? ஈட்டுவது ஹலாலானதா, நேர்மையான ஈட்டுக்குரியதா? இவற்றுக்கு விடை ஒரு நாளில் கிடைக்காது, ஆண்டுகள் பிடிக்கும். விடை ‘இல்லை’ என்றே வருமாயின், வேறு பணிக்குச் செல்வதில் இழுக்கில்லை. ஆனால், தொடக்கத்திலேயே நெஞ்சம் துள்ளவில்லை என்பது விலகுவதற்குப் போதிய காரணமாகாது.

தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பின் ஈட்டத்திலிருந்தே உண்டார்கள் என நபிமொழி எடுத்துரைக்கிறது. அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைக் கூறும் திருக்குர்ஆன், ஸபஉ அத்தியாயத்தில், கவசத்தின் கண்ணிகளைச் சரியாக அளந்து அமைக்குமாறும் பணிக்கிறது. அரசராகவும் இறைத்தூதராகவும் இருந்த ஒருவருக்குக் கண்ணியின் அளவு குறித்தும் கட்டளை வருகிறது. மென்மையான இரும்பு அருளாக வந்தது. அளந்து கோக்கும் வேலை அவர்கள் கைக்கே விடப்பட்டது.