குழுக் கடனில் ஒரு கேமரா: வாங்கலாமா, வேண்டாமா?



"மாடு வாங்கினா பால் கறக்கும். தையல் மிஷின் வாங்கினா ஜாக்கெட் தைக்கலாம். இது இன்னாத்தக் கறக்கும்?"

கேமரா வாங்க முப்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டபோது எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு என் கடன் தீர்மான நோட்டில் ஏறவில்லை.

இது நடந்தது 2023ல். பிறகு கடன் கிடைத்தது, கேமரா வந்தது, கடனும் அடைந்துவிட்டது. இப்போது நம் கூட்டமைப்பில் வேறு சில தங்கைகளும் கேமரா கடன் கேட்கிறார்கள். அதனால், என் அனுபவத்தில் நல்லது எது, கெட்டது எது என்று உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

எனக்கு ஏன் கேமரா?

நான் வீட்டிலிருந்தபடி ஷூ அப்பருக்குக் கைத்தையல் போடுகிறவள். ஜோடிக் கணக்கில் கூலி. ஆம்பூரில் இந்த வேலை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆர்டர் இருந்தால் கை வலிக்கும், இல்லாவிட்டால் மனசு வலிக்கும்.

நம்ம ஊரில் ஒரு தேவை இருக்கிறது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதி தனியாக இருக்கும். அங்கே ஆண் போட்டோகிராபர் வருவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. இந்து வீடுகளில் மஞ்சள் நீராட்டு, சீமந்தம் என்றாலும் "லேடீஸ் யாராச்சும் எடுக்கறாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு ஆப்பா, "போன்ல எடுக்க ஆள் இருக்கு, நல்லா எடுக்கத்தான் ஆள் இல்ல" என்று சொன்னார். அந்தப் பேச்சில்தான் எனக்கு இந்த எண்ணமே வந்தது.

முதல் கூட்டத்தில் கடன் கிடைக்காததும், சொந்தக்காரர் ஒருவரின் ஸ்டுடியோ கேமராவை மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிப் பழகினேன். இருபது படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வீட்டார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதையும் ஊக்குநரிடம் சொன்னேன். கடன் பாஸ் ஆனது. கடன் கேட்கும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கேமரா விளம்பரத்தைக் காட்டிக் கேட்காதீர்கள், நீங்கள் எடுத்த படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர். என்றால் என்ன?

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி விடும். அதைத்தான் நாம் கண்ணை வைத்துப் பார்க்கிறோம். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி டக்கென்று மேலே எழும்பும். ஷட்டர் திறக்கும். வெளிச்சம் பின்னால் இருக்கும் சென்சார் தகட்டில் விழுந்து படமாகும். 'டக்' சத்தம் இதனால்தான்.

போனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது சென்சார். பல போன்களில் அது ஒரு பட்டாணி அகலம்தான் இருக்கும். ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆரில் சுமார் 22 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம், அதாவது சின்னத் தபால்தலை அளவு. பெரிய பாத்திரத்தில் மழைத்தண்ணீர் அதிகம் பிடிக்கிற மாதிரி, பெரிய சென்சார் அதிக வெளிச்சம் பிடிக்கும். இரண்டாவது, லென்ஸைக் கழற்றி மாற்றலாம்.

முன்பு டி.எஸ்.எல்.ஆர். பத்திரிகைக்காரர்கள், பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கையில்தான் இருந்தது. 2003ல் கேனான் 300டி என்ற மாடல் அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தது. 6.3 மெகாபிக்ஸல்தான். அதற்குப் பிறகுதான் சாதாரண மக்கள் வாங்கும் 'ஆரம்ப நிலை' கேமராக்கள் வரிசையாக வந்தன. ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். கை தவறினால் காசு போச்சு. இப்போது தவறினால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு இது பெரிய வசதி.

பிடித்தவை

கையில் நன்றாக நிற்கிறது. 24 மெகாபிக்ஸல். ஆல்பத்துக்கும் சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கும் தாராளம். இதற்கு மேல் மெகாபிக்ஸலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பேட்டரி போன் மாதிரி சீக்கிரம் இறங்குவதில்லை. பகல் வெளிச்சத்தில் முகம், பட்டுப்புடவை ஜரிகை, பூவின் ஈரம் எல்லாம் தெளிவாக வருகிறது.

பிடிக்காதவை

உடன் வரும் 18-55 லென்ஸுக்கு இருட்டு ஆகாது. மண்டபத்துக்குள் தூரத்தில் இருப்பவரைக் கிட்டே இழுத்தால் படம் ஆடிப்போகும். ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை ஏற்றினால் வெளிச்சம் கூடும். ஆனால் 3200, 6400 என்று போனால் முகத்தில் ரவை தூவின மாதிரி புள்ளி விழும்.

பிறகு 50 எம்.எம். 1.8 என்ற லென்ஸ் வாங்கினேன். 18-55 லென்ஸை 55ல் வைக்கும்போது அதன் வாய் அளவு 5.6. எண் குறையக் குறைய வாய் பெரிது. 1.8ல் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். மணப்பெண் முகம் மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பது மங்கலாக, அழகாக விழும். ஆனால் நம்ம வீடுகளில் பத்துக்குப் பத்து அறையில் இதை வைத்துக்கொண்டு பின்னால் போக இடமில்லை, சுவர் இடிக்கும். குடும்பப் படத்துக்குப் பழைய 18-55தான்.

கேமராவோடு இருக்கும் குட்டி ஃபிளாஷ் நெற்றியில் எண்ணெய் வடிகிற மாதிரி காட்டும். தனி ஃபிளாஷ் வாங்கி, அதைக் கூரைப் பக்கம் திருப்பி அடித்தால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். ஒரு எச்சரிக்கை: சில ஆரம்ப நிலை மாடல்களில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் உலோகப் புள்ளி இருக்காது. அவற்றில் வேறு கம்பெனிகளின் மலிவு ஃபிளாஷ்கள் பல எரியாது. கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கறுப்பு ஷூவும் வெள்ளைப் புடவையும்

வீட்டிலிருந்தே செருப்பு, பெல்ட், பர்ஸ் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு நான் படம் எடுத்துத் தருகிறேன். முதலில் கறுப்பு ஷூ எடுத்தால் சாம்பல் நிறமாக வந்தது. கேமரா கெட்டுப்போச்சு என்று பயந்துவிட்டேன். காரணம் அதுவல்ல. கேமரா, தன் முன்னால் இருப்பது கறுப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத நடுத்தர நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. கறுப்பு ஷூ முழுக்க நிறைந்திருந்தால் 'இருட்டாக இருக்கிறது' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளைப் புடவை நிறைந்திருந்தால் குறைத்துவிடும், புடவை அழுக்காகத் தெரியும்.

இதற்கு ப்ளஸ்-மைனஸ் பட்டன் இருக்கிறது. கறுப்புக்கு மைனஸ் பக்கம், வெள்ளைக்கு ப்ளஸ் பக்கம் ஒன்று தள்ளினால் சரியாகும்.

அடுத்தது கலர். டியூப் லைட்டிலும் மஞ்சள் பல்பிலும் டான் கலர் லெதர் வேறு வேறு நிறமாக விழும். படத்தைப் பார்த்து வாங்கினவர், "கலர் மாறிப் போச்சு" என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் நமக்குத்தான். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், கீழே வெள்ளை சார்ட் பேப்பர் போதும். கேமராவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்ற இடத்தில் அந்த வெள்ளைப் பேப்பரைக் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு நாள் பட்ட பாடு

ஒரு விசேஷத்தில் பாட்டி பேத்தியைக் கட்டிப்பிடித்து அழுத நேரம். பட்டனை அமுக்கினேன். 'கார்டு ஃபுல்' என்றது. பழைய படத்தை அழித்து இடம் பண்ணுவதற்குள் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தப் படம் போனது போனதுதான். அன்றிலிருந்து காலியான இரண்டு கார்டு, சார்ஜ் ஏற்றிய இரண்டு பேட்டரி இல்லாமல் வீட்டுப் படி இறங்குவதில்லை.

படத்தைவிடப் பெரியது நம்பிக்கை

ஒரு நிக்காஹ் வீட்டில் பெண்ணின் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் படமெல்லாம் யார் கண்ணுல படும்மா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நம்மை உள்ளே விடுவது நாம் பெண் என்பதற்காக. அந்தப் படம் நாளைக்கு யார் போனிலோ சுற்றினால் நமக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன ஆகும்?

அதனால் நான் நான்கு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கேமராவில் வைஃபை இருந்தாலும் பெண்கள் பகுதிப் படத்தைப் போனுக்கு மாற்றமாட்டேன். ஆல்பம் வேலைக்கு வேறு ஆளிடம் கொடுப்பதானால் வீட்டாரிடம் முதலில் கேட்பேன். படத்தை ஒப்படைத்த பிறகு அவர்கள் எதிரிலேயே கார்டை அழிப்பேன். எழுதி வாங்காமல் எந்தப் படத்தையும் மாதிரிக்குக் காட்டமாட்டேன். இந்த நான்கினால்தான் அடுத்தடுத்த வேலைகள் வந்தன.

கணக்கு

கேமராவும் லென்ஸும் 38,500. இரண்டு கார்டு 1,600. கூடுதல் பேட்டரி 1,900. பை 1,200. ஃபிளாஷ் 4,800. மொத்தம் 48,000 ரூபாய். குழுக் கடன் 30,000, சீட்டு எடுத்த பணம் 18,000. கடன் 20 தவணை, மாதம் 1,500 அசலும், பாக்கிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும்.

முதல் ஆறு மாதத்தில் 11 வேலை. வந்தது 19,500. பஸ், பிரிண்ட் செலவு போக நின்றது 14,200. தவணையும் வட்டியும் 10,575. மிச்சம் 3,625 ரூபாய். ஆறு மாதத்துக்கு! அதனால்தான் நான் ஷூ தையலை விடவில்லை. கேமரா வாங்கினவுடனே இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். ஆடி, மார்கழியில் வேலை இருக்காது. ரம்ஜான் மாதத்திலும் கல்யாணம் இருக்காது. அந்த மாதங்களின் தவணையை முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டும்.

நமக்கு முன்னால் எடுத்தவர்கள்

"படிக்காத பொம்பளைக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. குஜராத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 1984லேயே வீடியோ கேமரா கற்றுக்கொண்டார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், காய்கறி விற்றவர்களும் இருந்தார்கள். அகமதாபாத் மாணிக் சவுக் காய்கறிக்காரப் பெண்களின் பிரச்சினையைத் தாங்களே படம் எடுத்தார்கள். தெலங்கானாவின் பஸ்தாபூரில் டெக்கான் வளர்ச்சி சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் 1990களின் கடைசியில் வீடியோ பழகி, பி.டி. பருத்தி போட்ட வாரங்கல் விவசாயிகளின் நிலையைப் படமாக்கினார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் போட்டோ, வீடியோ பயிற்சியும் உண்டு. கட்டணம் இல்லை. அடுத்த பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள்.

2. பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். கடன் நம் பெயரில், கேமரா தம்பி கையில் என்றால் தவணை கட்டுவது யார்?

3. பில் இல்லாமல் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். வாரண்டி கிடைக்காது.

4. இப்போது கம்பெனிகள் உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களுக்கு மாறிவிட்டன. புது டி.எஸ்.எல்.ஆர். மாடல்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் இருக்கிற கேமரா நன்றாகவே படம் எடுக்கும். செகண்ட் ஹேண்டில் விலையும் குறைவு. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

5. கேமராவை லெதர் பைக்குள் மாதக் கணக்கில் மூடி வைக்காதீர்கள். லெதர் ஈரம் பிடிக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். லெதர் ஊர்க்காரி சொல்கிறேன், நம்புங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

6. ஆர்டர் இரண்டாவது கையில் இருந்தால் மட்டும் கடன் கேளுங்கள்.

கடைசித் தவணை கட்டின அன்று, முதலில் கேள்வி கேட்ட அதே அக்கா என்னிடம் வந்தார். "என் பேத்திக்கு மஞ்சத் தண்ணி வருது, நீதான் வரணும். எவ்ளோ வாங்குவ?" என்றார். விலையைச் சொன்னேன். கொஞ்சம் குறைக்கச் சொன்னார். நானும் குறைத்தேன். மாடு மாதிரி இது தினம் கறக்காது, அக்கா. ஆனால் கறக்கத் தெரிந்த கைக்குக் கறக்கும்.

கேமராக் கடன் கேட்க நினைப்பவர்கள் கூட்டமைப்புக் கூட்டத்தில் என்னைக் கேளுங்கள். கேமராவை எடுத்து வருகிறேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.