புழுவின் பசியும் வேப்பம் வித்தும்

அளவெட்டிப் பகுதியிற் கத்தரி, மிளகாய், கோவா முதலியன செய்யும் கமக்காரர், வேப்பம் வித்துச் சாற்றைத் தெளித்த மறுநாள் தோட்டத்துட் சென்று, புழு உயிரோடிருக்கக் கண்டு மனஞ்சலித்தல் இயல்பே. ஆயின், வேப்பம் வித்து புழுவை உடனே கொல்வதன்று. அதன் பசியைக் கெடுப்பதாகும்.

பசி என்பது வயிறு வெறிதாயிருத்தல் மாத்திரமன்று. மனிதருடலில் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்னும் ஓமோன் மூளைக்குப் பசியை அறிவிக்கின்றது. கொழுப்பிழையம் சுரக்கும் லெப்ரின் பசியை அடக்குகின்றது. முன்னையது 1999 இலும் பின்னையது 1994 இலும் கண்டறியப்பட்டன. ஓமோன் வேலை செய்வதற்கு, அதனை ஏற்கும் வாங்கி என்னும் புரதம் கலத்தில் இருத்தல் வேண்டும். திறப்புக்கு ஏற்ற பூட்டு இல்லாவிடிற் கதவு திறவாதன்றோ?

பூச்சிகளுக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. புழுவின் வாயருகே நுண்ணிய சுவையுணர் உறுப்புக்கள் உள. அவற்றிற் சில கலங்கள் இனிப்பை உணர்ந்து உண்ணத் தூண்டும். வேறு சில வெறுக்கத்தக்கதை உணர்ந்து தடுக்கும். வேப்பம் வித்திலுள்ள அசாதிராக்ரின் என்னும் பொருள் தடுக்கும் கலங்களைத் தூண்டி, இனிப்பை உணரும் கலங்களை மழுங்கச் செய்கின்றது. ஆதலால் இலைமீதிருந்தும் புழு இலையைத் தின்னாது. சிறிது தின்றாலும், தோலுரித்தலை நடத்தும் ஓமோன் உரிய காலத்திற் சுரவாது தடைப்படும். பழைய தோலைக் கழற்றமாட்டாது புழு மடியும். இதற்குச் சில நாட்கள் செல்லும்.

1962 இல் டில்லியில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, வேப்பம் பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னாது விட்டன. அசாதிராக்ரின் 1968 இல் இங்கிலாந்திற் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை ஆய்வுகூடத்தில் ஆக்குவதற்கு 22 ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது. 2007 இலேயே அது கைகூடிற்று. நம் முற்றத்து மரமோ அதனை ஆண்டுதோறும் நிலத்திற் கொட்டுகின்றது. நாம் கூட்டி எரிக்கின்றோம்!

குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் வீட்டிற் குடிக்கும் நீரும் நிலத்தடியில் ஒன்றே. கடும் நஞ்சைக் கணக்கின்றித் தெளிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

உதிர்ந்த பழங்களைச் சேர்த்துச் சதை நீக்கிக் கழுவி, வித்துக்களை நிழலில் உலர்த்துக. பூஞ்சணம் பிடித்தவற்றை விலக்குக. 500 கிராம் பருப்பை இடித்து, 10 இலீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துச் சேர்க்க. வெயில் இதன் வீரியத்தைக் கெடுக்குமாதலின் மாலையிலேயே இலையின் இருபுறமும் படத் தெளித்தல் வேண்டும். மழை பெய்தால் மீண்டும் தெளிக்க. நெல்லிலும் இலை தின்னும் புழுக்களுக்கு இதனைப் பயன்படுத்தலாம். அழுக்கணவன் போன்று சாறு உறிஞ்சுவனவற்றில் இவ்வுணவுத்தடை குறைவு.

மூன்றாம் நாள் புழுக்களை எண்ணாது, இலையிற் புதிய கடிவாய் உண்டோ எனப் பார்க்க. கத்தரிக்காயினுள் முன்னரே புகுந்துவிட்ட புழுவைச் சாறு எட்டாது. அக்காய்களைப் பறித்து அழித்துவிடுக.