உஷார்! முழங்காலில் ‘டப்’ என்று கேட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது

தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு பக்கமெல்லாம் கபடிதான். ஊருக்கு ஊர் ஃபிளக்ஸ், விடிய விடிய மைக் சத்தம். சந்தோஷம்தான். ஆனால் பிடி ஆட்டக்காரப் பையன்களைப் பெற்றவர்களே, கொஞ்சம் காது கொடுங்கள்.

கார்னரில் நிற்பவன் பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிறான். வந்தவன் முறுக்குகிறான். கவரில் நிற்கிற ரெண்டு பேர் மேலே வந்து விழுகிறார்கள். பிடித்தவனின் பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, முழங்கால் மட்டும் உள்பக்கமாகத் திரும்புகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம். பாயிண்ட் கிடைத்துவிட்டது, கூட்டம் விசிலடிக்கிறது. ஓரமாக உட்காரவைத்து ஸ்பிரே அடித்து, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, “செமி ஃபைனல்ல மட்டும் நில்லுடா தம்பி” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து. அந்தச் சத்தமும், சில மணி நேரத்துக்குள் முட்டி பொம்மென்று வீங்குவதும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு கிழிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து “எலும்புக்கு ஒண்ணுமில்லை” என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. கட்டுப் போடுபவரிடம் போய் எண்ணெய் தடவினாலும் முழுசாக அறுந்தது ஒட்டாது. எலும்பு மருத்துவர் முட்டியை அசைத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து பையன் நன்றாகவே நடப்பான். நேராக நடப்பதில் இந்தக் கிழிசல் தெரியாது, சட்டென்று திரும்பினால்தான் முட்டி நழுவும். அந்தக் காலோடு ஆடினால் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற மெத்தையும் கிழியலாம். சின்ன வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்து நிற்கலாம். ஆபரேஷன் செய்துகொண்டால் மறுபடி களமிறங்க சுமார் ஒன்பது மாதம் பயிற்சி வேண்டும். அதில் அவசரம் காட்டினால் மறுபடி கிழியலாம்.

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு இறக்குகிற ‘அனுபவசாலி’ அண்ணன்களைக் கண்டால் ஓடிவிடுங்கள். வலி என்பது எச்சரிக்கை மணி, அதை அமுக்கிவிட்டு ஆடுவதற்குத் துணிச்சல் என்று பெயரில்லை. போதாக்குறைக்கு, கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு ஊசிகள் எல்லாமே 2022 முதல் போட்டி நேரத்தில் ஊக்கமருந்து விதிப்படி தடை. மாநில, தேசியப் போட்டி என்று கனவு காண்கிறவன் தெரியாமல் போட்டுக்கொண்டாலும் மாட்டுவான்.

நம் தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதனைப் பாருங்கள். இவரும் பிடி ஆட்டக்காரர்தான். 1975-ல் பிறந்தவர், 2016-ல் தன் 41-வது வயதில் பாட்னா பைரேட்ஸின் கேப்டனாக புரோ கபடி கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 46 வயதிலும் லீக்கில் ஆடினார். கால் இருந்தால்தான் இத்தனை வருஷம். பத்தொன்பது வயதில் ஊர்க் கோப்பைக்காக முட்டியைக் கொடுத்தவனுக்கு இந்தக் கதை கிடையாது.

மோதி ஆடும் வேறொரு விளையாட்டைப் பாருங்கள். கனடாவின் ஃபுட்பால் லீக்கில் (நம்மூர்க் கால்பந்து இல்லை) எதிரணியைத் தடுக்கிற முன்வரிசை ஆட்கள் ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு மோதுகிறவர்கள். அங்கேயே, காயத்துக்குப் பயந்து 2017 முதல் சில ஆண்டுகள் சீசன் நடுவே கவசத்தோடு மோதும் பயிற்சியை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாமோ காய்ந்து கட்டாந்தரையான களிமண்ணில், வெறுங்காலோடு, ஒரே ராத்திரியில் மேட்சுக்கு மேல் மேட்ச் ஆட விடுகிறோம்.

முட்டியோடு போனால்கூடப் பரவாயில்லை என்று சொல்லுமளவுக்கும் நடந்திருக்கிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே பாடிப்போன 22 வயது இளைஞர் பிடிபட்ட இடத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார்.

விழாக் கமிட்டிக்காரர்களே, கோப்பைக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, களத்தை மெத்தென்று ஆக்குங்கள். ஓர் அணிக்கு ஒரு ராத்திரியில் இத்தனை ஆட்டம்தான் என்று வரம்பு வையுங்கள். அடிபட்டு விழுந்தவனின் கழுத்தையோ முதுகையோ தூக்கி நிமிர்த்தாமல், அசையவிடாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். முட்டியில் சத்தம் கேட்டவனை, அவனே கெஞ்சினாலும், அந்த இரவு மறுபடி கோட்டுக்குள் விடாதீர்கள்.